பல் கூச்சமும் பேஸ்ட்டும்: வாசகர் கேள்வி – பதில்

பல் கூச்சம் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பதில்களை இங்கே தந்திருக்கிறோம். பெரும்பாலான கேள்விகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது: "பேஸ்ட் வாங்கினேன், பலனில்லை." அதிலிருந்தே தொடங்குவோம்.

கேள்வி: குளிர்ந்த தண்ணீர் பட்டால் மேல்வரிசையில் இடது பக்கம் இரண்டு பற்கள் சுரீரென்று கூசுகின்றன. கூச்சத்துக்கான பேஸ்ட் வாங்கி ஐந்து நாட்களாகத் தேய்க்கிறேன், ஒரு மாற்றமும் இல்லை. வேறு பேஸ்ட்டுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறாதீர்கள். ஐந்து நாள் போதாது. ஏன் போதாது என்று தெரிந்துகொண்டால் பொறுமை தானாக வரும்.

பல்லின் வெளிப்பூச்சான எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின்தான் கூசுகிற இடம். டென்டின் கெட்டியாகத் தெரிந்தாலும் அது முழுக்க நுண்குழாய்கள்தான். ஒரு சதுர மில்லிமீட்டரில் 20,000-க்கும் மேற்பட்ட குழாய்கள் இருக்கும். ஒவ்வொன்றின் அகலமும் ஓரிரு மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). குழாய்களுக்குள் திரவம் நிரம்பியிருக்கிறது. வெளிவாய் திறந்திருக்கும்போது குளிர்ச்சி பட்டால் அந்தத் திரவம் சட்டென்று வெளிப்பக்கம் நகரும். உள்முனையில் இருக்கும் நரம்பு அந்த அசைவை வலியாக உணர்கிறது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பிரான்ஸ்ட்ரோம் 1960-களில் சோதனைகள் மூலம் நிலைநாட்டிய விளக்கம் இது. காற்று பட்டாலும், இனிப்பு பட்டாலும், பிரஷ் நார் உரசினாலும் கூசுவது ஏன் என்பதற்கும் இதே பதில்தான். எல்லாமே அந்தத் திரவத்தை அசைக்கின்றன.

குழாயின் வாய் எப்படித் திறக்கிறது? பெரும்பாலும் ஈறு இறங்குவதால். ஈறு மூடியிருந்த வேர்ப்பகுதியில் எனாமல் கிடையாது. மெல்லிய சிமென்டம் படலம் மட்டும்தான். அழுத்தித் தேய்த்தால் அது சீக்கிரமே போய்விடும். வலது கையால் பல் துலக்குகிறவர்களுக்கு இடது பக்கக் கோரைப்பல்லும் அதை அடுத்த முன்கடைவாய்ப் பற்களும்தான் அதிகம் அடிவாங்கும். உங்கள் இடதுபக்கக் கூச்சத்துக்கும் இது காரணமாக இருக்கலாம். கண்ணாடி முன் நின்று, பல்லின் மேல் விரல் நகத்தை வைத்து ஈறு நோக்கி மெல்ல வழித்துப் பாருங்கள். ஈறை நெருங்கும்போது நகம் ஒரு பள்ளத்தில் தட்டினால், அங்கே பல் தேய்ந்திருக்கிறது.

பேஸ்ட் இரண்டு வழிகளில் வேலை செய்யும். ஒன்று, நரம்பை அமைதிப்படுத்துவது. பொட்டாசியம் உப்புகள் அந்த வகை. பொட்டாசியம் அந்த நுண்குழாய்கள் வழியாக, வெளியே வரும் திரவத்துக்கு எதிர்த்திசையில் ஊறி, நரம்பைச் சுற்றித் தேவையான அளவு சேர வேண்டும். இரண்டு வாரத்தில் கொஞ்சம் தெரியும், நான்கு வாரத்தில் நன்றாகத் தெரியும், சிலருக்கு எட்டு வாரம்கூட ஆகும். நடுவில் இரண்டு நாள் விட்டால் சேர்ந்தது கரையத் தொடங்கும். இன்னொரு வழி, குழாயின் வாயை அடைப்பது. இதில் பலன் சற்று முந்தித் தெரியும் என்றாலும், அடைப்பும் அடுக்கடுக்காகத்தான் படிய வேண்டும்.

ஆறுதலான ஒரு கணக்கும் உண்டு. குழாயின் வழியே திரவம் பாயும் அளவு அதன் அகலத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அகலம் பாதியானால் பாய்வு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். எனவே எல்லாக் குழாயையும் முழுக்க அடைக்க வேண்டியதில்லை; குறுக்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

முன்னேற்றம் மெதுவாக வருவதால் அது நம் கண்ணில் படுவதே இல்லை. அதற்கு ஒரு வழி: வாரம் ஒருநாள், அதே பல்லில், அதே குளிர்ச்சியுள்ள தண்ணீரைப் பட வைத்து, கூச்சத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதி வையுங்கள். எட்டிலிருந்து ஐந்துக்கு வந்திருப்பதைத் தாளில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

கேள்வி: எவ்வளவு பேஸ்ட் எடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும்? வலிக்கும் இடத்தில் விரலால் தடவினால் போதும் என்கிறார்கள், அது சரியா?

பதில்: பேஸ்ட் தோற்றுப்போவது பெரும்பாலும் இங்கேதான். படிப்படியாகச் சொல்கிறோம்.

மென்மையான நாருள்ள பிரஷ் எடுங்கள். பிரஷ் உலர்ந்தே இருக்கட்டும். நனைத்தால் பேஸ்ட் நீர்த்துச் சீக்கிரம் நுரைத்துவிடும், நுரைத்ததும் துப்பத் தோன்றும். பெரியவர்களுக்கு பேஸ்ட் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம், அதாவது பிரஷ் தலை நிறைய. கூசுகிற பல்லில் முதலில் தொடங்குங்கள். அப்போதுதான் நீர்க்காத பேஸ்ட் அங்கே படும், அதிக நேரமும் இருக்கும். நாரின் முனை பல்லும் ஈறும் சேரும் இடத்தைப் பார்த்து, பிரஷ் 45 டிகிரி சாய்ந்திருக்கட்டும். அந்த இடத்திலேயே சின்னச் சின்ன அசைவாகத் தேயுங்கள். ரம்பம் அறுப்பதுபோல் குறுக்கே இழுக்கக் கூடாது. மொத்தம் இரண்டு நிமிடம், காலையும் இரவும்.

அழுத்தம் எவ்வளவு என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் பிரஷ்ஷை அதன் மேல் வைத்து, வழக்கமாகத் துலக்குகிற வேகத்தில் அழுத்திப் பாருங்கள். 150 முதல் 200 கிராம் வரை காட்டினால் சரி. பலருக்கு 400, 500 காட்டும்; ஈறு இறங்கியதன் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். ஒரே மாதத்தில் நார் விரிந்து பூப்போல் ஆகிவிடுவதும் அதே அடையாளம்தான்.

தேய்த்து முடித்ததும் துப்புங்கள், கொப்பளிக்காதீர்கள். வாய் நிறையத் தண்ணீர் எடுத்து மூன்று முறை கொப்பளித்தால், காசு கொடுத்து வாங்கிய மருந்து அப்படியே சாக்கடைக்குப் போகிறது. வாயில் மிச்சமிருப்பது பொறுக்கவில்லை என்றால் ஒரு வாய்த் தண்ணீர், ஒரே ஒருமுறை. அதன்பின் அரை மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம். மவுத்வாஷ் பயன்படுத்துகிறவர்கள் அதைத் துலக்கிய உடனே இல்லாமல் வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

விரலால் தடவலாம், ஆனால் அது துலக்குவதற்குப் பதிலாக ஆகாது. இரவு துலக்கித் துப்பிய பிறகு, பட்டாணி அளவு பேஸ்ட்டை விரல் நுனியில் எடுத்து, கூசும் இடத்தில் ஒரு நிமிடம் மெதுவாகத் தேய்த்துவிட்டுத் துப்பிவிடுங்கள். குழாயின் வாயை அடைக்கும் அர்ஜினின் என்ற பொருள் உள்ள பேஸ்ட்டில் இப்படித் தேய்த்தவுடனேயே ஓரளவு இதம் கிடைப்பதுண்டு. அந்த இதத்தை நம்பித் தினசரிப் பழக்கத்தைக் கைவிடுவதுதான் தப்பு.

கேள்வி: கூச்சத்துக்கென்று இத்தனை பேஸ்ட் இருக்கின்றன. உறையில் எதைப் பார்த்து வாங்குவது? காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாற்றிப் பயன்படுத்தலாமா?

பதில்: உறையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் உள்பொருள் பட்டியலைப் படியுங்கள்.

பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம் என்றிருந்தால் அது நரம்பை அமைதிப்படுத்தும் வகை. பொட்டாசியம் சிட்ரேட், பொட்டாசியம் குளோரைடு என்று இருந்தாலும் அதே வேலைதான். ஸ்டானஸ் ஃபுளோரைடு 0.454 சதவீதம் என்றால் குழாயை அடைக்கும் வகை. சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடும் ஈறுவீக்கத்தைக் குறைக்கும் குணமும் அதிலேயே உண்டு. அர்ஜினின் 8 சதவீதம், கால்சியம் கார்பனேட்டோடு சேர்ந்து வரும். அதுவும் அடைக்கும் வகைதான். கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட் என்பது ஒருவகைக் கண்ணாடித்தூள். உமிழ்நீர் பட்டதும் கரைந்து, பல்லின் தாதுவைப் போன்ற ஒரு படிவை உண்டாக்கும். நீர் பட்டால் வினைபுரிகிற பொருள் என்பதால்தான் இந்த பேஸ்ட்டைத் தண்ணீர் சேர்க்காமல் தயாரிக்கிறார்கள். மூடியை இறுக்கி மூடி வையுங்கள், நனைந்த பிரஷ்ஷை டியூபின் வாயில் வைக்காதீர்கள்.

கூச்ச பேஸ்ட்டுகளில் மூத்தது ஸ்ட்ரான்சியம் குளோரைடு. 1961-இல் சென்சோடைன் வந்தது அதை வைத்துத்தான். ஸ்ட்ரான்சியமும் சோடியம் ஃபுளோரைடும் ஒன்றோடொன்று சேர்ந்து கரையாத படிவாகிவிடும் என்பதால் அந்த வகையில் ஃபுளோரைடு சேர்க்க முடியவில்லை. இன்றைக்கும் ஃபுளோரைடு இல்லாத கூச்ச பேஸ்ட்டுகள் உண்டு. ஈறு இறங்கி வேர் தெரிகிறவர்களுக்கு அந்த வேரிலேயே சொத்தை விழும் ஆபத்து அதிகம். ஆகவே ஃபுளோரைடு 1000 முதல் 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருப்பதையே வாங்குங்கள். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

'பற்களை வெண்மையாக்கும்', 'கரி கலந்தது' என்று போட்டிருப்பதைக் கூச்சம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. பேஸ்ட்டின் உராய்வுத்தன்மையை ஆர்.டி.ஏ. என்ற எண்ணால் அளக்கிறார்கள். மேல்வரம்பு 250, வேர் தெரிகிறவர்களுக்கு 70-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் நிம்மதி. உறையில் இந்த எண்ணை அச்சிடுவது அபூர்வம், உங்கள் பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால் கெடுதல் இல்லை. ஆனால் எது பலன் தந்தது, எது தரவில்லை என்று தெரியாமல் போகும். ஒன்றைத் தேர்ந்து எட்டு வாரம் முழுதாகப் பயன்படுத்துங்கள்; நான்கு வாரத்திலும் வலி போகவில்லை என்றால் நடுவில் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடருங்கள். பலனில்லை என்றால் அடுத்த முறை மற்ற வகைக்கு மாறுங்கள்: பொட்டாசியம் எடுத்தவர் அடைக்கும் வகைக்கு, அடைக்கும் வகை எடுத்தவர் பொட்டாசியத்துக்கு.

கேள்வி: சூடாகக் குடித்தால் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கி, கால் மணி நேரம் விண்விண்ணென்று தெறிக்கிறது. இரவில் தூக்கத்திலிருந்தே எழுப்பிவிடுகிறது. கூச்ச பேஸ்ட் ஒரு மாதமாகப் போடுகிறேன்.

பதில்: இது கூச்சம் இல்லை. பேஸ்ட்டை நம்பி இன்னும் ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள், உடனே பல் மருத்துவரைப் பாருங்கள்.

கூச்சம் என்றால் சுரீரென்று வரும், பட்டதை எடுத்ததும் சில நொடிகளில் போய்விடும். குளிர்ச்சியோ சூடோ பட்ட பிறகு அரை நிமிடத்துக்கு மேல் வலி நீடித்தாலும், எதுவும் படாமலே வலித்தாலும், இரவில் படுத்தால் கூடினாலும், பல்லின் உள்ளே இருக்கும் நரம்புக்கூழ் அழன்றிருக்கிறது என்று அர்த்தம். ஆழமான சொத்தைதான் பெரும்பாலும் காரணம். அதற்கு வேர் சிகிச்சை தேவைப்படலாம். வீக்கமோ காய்ச்சலோ சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். ஒரே ஒரு பல்லில், கடித்து அழுத்தத்தை விடும் நொடியில் சுருக்கென்று குத்தினால் அது விரிசலாக இருக்கக்கூடும். கூச்சம் வழக்கமாகப் பல பற்களில், ஈறை ஒட்டிய இடத்தில் வரும். ஒற்றைப் பல் மட்டும் வலித்தால் சந்தேகப்படுங்கள். கூச்சம் என்று நினைத்து வாங்கும் பேஸ்ட், விரிசலுக்கும் சொத்தைக்கும் நேரத்தைக் கொடுத்துவிடுகிறது.

கேள்வி: எலுமிச்சைச் சாறு, சோடா பானங்கள் எனக்குப் பழக்கம். குடித்த உடனே பல் துலக்கிவிடுகிறேன். ஆனாலும் கூச்சம் அதிகமாகிக்கொண்டே போகிறது.

பதில்: "ஆனாலும்" இல்லை, அதனால்தான். அமிலத்தன்மையை பி.எச். என்ற எண்ணால் அளக்கிறார்கள்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம். சோடா பானங்களின் பி.எச். அளவு 2.5-இலிருந்து 3.5-க்குள் இருக்கும், எலுமிச்சைச் சாறு அதைவிடவும் புளிப்பு. எனாமல் 5.5-க்குக் கீழே கரையத் தொடங்குகிறது. வேர்ப்பகுதி இன்னும் முன்னதாகவே, 6.5-ஐ ஒட்டியே கரையும். பேஸ்ட் கஷ்டப்பட்டு உண்டாக்கிய அடைப்பையும் அமிலம் கழுவிவிடும். அமிலம் பட்டு மேற்பரப்பு இளகியிருக்கும் அந்த நேரத்தில் பிரஷ் போட்டால் பல்லையே வழித்தெடுக்கிறீர்கள்.

குடித்ததும் வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். பிரஷ்ஷைக் குறைந்தது அரை மணி நேரம் தொடாதீர்கள். முடிந்தால் குடிப்பதற்கு முன்பே துலக்கிவிடுங்கள். நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடிப்பதைவிட, சாப்பாட்டோடு ஒரே தடவையில் குடிப்பது பல்லுக்கு நல்லது. குடித்த பானத்தின் அளவைக் காட்டிலும் அது எத்தனை முறை பல்லில் பட்டது என்பதுதான் பெரிய கணக்கு.

நெஞ்செரிச்சலில் புளித்த நீர் வாய்க்கு வருகிறவர்கள், கர்ப்ப காலத்தில் அடிக்கடி வாந்தி எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் இதே விதிதான். இரைப்பை அமிலம் எந்தப் பானத்தையும்விடக் கடுமையானது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்புங்கள். அமிலம் தணியும். மேல் முன்பற்களின் உட்பக்கம் கண்ணாடிபோல் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அதைப் பல் மருத்துவரிடம் காட்டுவதோடு, நெஞ்செரிச்சலுக்கும் வைத்தியம் பாருங்கள்.

கேள்வி: பற்களை வெளுக்கவைக்கும் சிகிச்சை எடுக்கப் போகிறேன். ஏற்கனவே கூச்சம் உண்டு. என்ன முன்னேற்பாடு செய்யலாம்?

பதில்: இரண்டு வாரம் முன்பே பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட்டைத் தொடங்குங்கள். வெளுக்கவைக்கும் பெராக்சைடு எனாமலைக் கடந்து நரம்பு வரை போய்விடுகிறது, அதனால்தான் இந்தக் கூச்சம். குழாய் வாயை அடைப்பதைவிட நரம்பை அமைதிப்படுத்தும் பேஸ்ட்டே இதற்குப் பொருத்தம். வீட்டில், மருந்தை நிரப்பிப் பல்வரிசையில் மாட்டிக்கொள்ளும் தட்டு போட்டுச் செய்யும் சிகிச்சை என்றால், மருத்துவர் ஒப்புதலோடு அதே தட்டில் இந்த பேஸ்ட்டை 10 முதல் 30 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். கூச்சம் தாங்காவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். நிறுத்திய சில நாட்களில் அது தானாகவே அடங்கும். சொத்தையும் விரிசலும் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்துவிட்டுத்தான் வெளுக்கவைக்க வேண்டும்.

கேள்வி: பல் சுத்தம் செய்துகொண்டேன். அதுவரை இல்லாத கூச்சம் இப்போது வந்துவிட்டது. பல்லை ராவிவிட்டார்களா?

பதில்: இல்லை. வேரின் மேல் படிந்திருந்த காரை இத்தனை காலம் ஒரு போர்வைபோல் மூடியிருந்தது. அதை எடுத்ததும் அடியில் இருந்த வேர் காற்றையும் தண்ணீரையும் நேரடியாகச் சந்திக்கிறது. வீங்கியிருந்த ஈறும் வற்றிச் சற்று இறங்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் குறைந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள், கூச்ச பேஸ்ட்டைத் தொடருங்கள். கூசுகிறது என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடாதீர்கள். விட்டால் மறுபடி காரை, மறுபடி ஈறுவீக்கம், மறுபடி அதே கூச்சம்.

கேள்வி: நான்கு வாரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று உறையில் போட்டிருக்கிறது. நிறுத்தினால் கூச்சம் திரும்ப வருகிறது. என்ன செய்வது?

பதில்: அந்த எச்சரிக்கையை முழுதாகப் படியுங்கள்: மருத்துவர் சொன்னால் தவிர நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் இருக்கும். ஐந்தாவது வாரம் பேஸ்ட் விஷமாகிவிடாது. நான்கு வாரத்திலும் வலி போகவில்லை என்றால் அது வேறு நோயாக இருக்கலாம், பேஸ்ட் அதை மறைத்துவிடக் கூடாது என்பதே காரணம். பல் மருத்துவர் ஒருமுறை பார்த்து, கூச்சம்தான் என்று உறுதிசெய்துவிட்டால், ஃபுளோரைடு உள்ள கூச்ச பேஸ்ட்டையே உங்கள் தினசரி பேஸ்ட்டாக வைத்துக்கொள்ளலாம். திறந்த வேர் தானாக மூடாது என்பதால் நிறுத்தினால் கூச்சம் திரும்புவது இயல்பு.

ஸ்டானஸ் ஃபுளோரைடு பேஸ்ட்டில் சிலருக்கு நாளடைவில் பழுப்புக் கறை படியும். அது மேல்கறைதான், பல் சுத்தம் செய்யும்போது போய்விடும்.

கேள்வி: எட்டு வாரம் நீங்கள் சொல்வதுபோலவே செய்தும் குறையவில்லை என்றால்?

பதில்: கிளினிக்கில் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. முதல்படி ஃபுளோரைடு வார்னிஷ். 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு, அதாவது 22,600 பி.பி.எம்.; பேஸ்ட்டில் இருப்பதைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேல். சில நிமிட வேலைதான், பூசிய பிறகு மருத்துவர் சொல்லும் நேரம் வரை துலக்காமல் இருக்க வேண்டும். குழாய்களுக்குள் இருக்கும் புரதத்தை உறையவைத்து அடைக்கும் திரவங்களும் உண்டு. நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் பேஸ்ட்டை விட அந்தப் பள்ளத்தைப் பல் நிறச் சிமென்ட்டால் நிரப்புவதே சரியான தீர்வு. பலருக்கு அன்றைக்கே நிம்மதி கிடைக்கும். ஈறு அதிகம் இறங்கியிருந்தால் அண்ணத்திலிருந்து திசு எடுத்து வேரை மூடும் அறுவைசிகிச்சை இருக்கிறது. இரவில் பல் நறநறப்பவர்களுக்கு என்ன பூசினாலும் நிற்காது, பல்லுக்கு உறை செய்து போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். வெறும் கூச்சத்துக்காக வேர் சிகிச்சை செய்வது எல்லாம் முயன்று பார்த்த பிறகு, கடைசியில்தான்.

கேள்வி: ஒன்பது வயதுப் பிள்ளை குளிர்ந்த தண்ணீர் குடித்தால் பல் கூசுகிறது என்கிறான். எங்கள் கூச்ச பேஸ்ட்டையே கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 12 வயதுக்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. அந்த வயதில் ஈறு இறங்கிக் கூசுவது அரிது, சொத்தையாக இருக்கலாம். ஆறு வயதில் முளைத்த நிரந்தரக் கடைவாய்ப் பற்களை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகவோ மஞ்சள் பழுப்பாகவோ சுண்ணாம்புக் கட்டிபோல் திட்டு தெரிந்தால், அந்தப் பல்லின் எனாமல் சரியாக உருவாகவில்லை என்று பொருள். அத்தகைய பல் கூசும், கூசுவதால் பிள்ளை அங்கே துலக்க மாட்டான், சீக்கிரமே சொத்தையாகி உடையும். இந்த வாரமே குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை துலக்கவும் கொப்பளிக்கவும் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள்.